பொய்க் கை எப்போது நம் கையாகிறது? மாம்பழப் பெட்டியில் தொடங்கி விஆர் வரை செய்து பார்க்க

விஆர் ஹெட்செட்டை (கண்ணெதிரே ஒரு மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவி) மாட்டிக்கொண்டு கீழே குனிந்தால் யாரோ ஒருவருடைய உடம்பு தெரிகிறது. கம்ப்யூட்டர் வரைந்த உடம்பு என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் அதன் மேல் ஒரு கல் விழ வந்தால் நாம்தான் ஒதுங்குகிறோம். இது ஏன் நடக்கிறது என்று பக்கம் பக்கமாகப் படிக்கலாம், ஆனால் செய்து பார்ப்பதுதான் சுலபம், முதல் இரண்டு கட்டத்துக்கு ஹெட்செட்டே தேவையில்லை. காலேஜ் பிராஜெக்டுக்கோ பள்ளிக் கண்காட்சிக்கோ ஏதாவது வித்தியாசமாக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சேலத்தில் கிடைக்கிற சாமான்களை வைத்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். "இது என் கையா?" என்பது ஒன்று. "இதை அசைப்பது நானா?" என்பது இன்னொன்று. சொந்த உடம்பில் இரண்டுக்கும் எப்போதும் "ஆமாம்" என்றே பதில் வருவதால் இரண்டும் ஒன்றுதான் என்று இருந்துவிடுகிறோம். டாக்டர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறது: கால் உங்களுடையது, துள்ள வைத்தது நீங்கள் இல்லை. மவுசை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி ஓடுகிறது: ஓட்டுவது நீங்கள், ஆனால் அம்புக்குறி உங்கள் விரல் இல்லை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையிலும் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். விஆரில் "செம ரியலா இருந்துச்சு" என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வருகிற பிராஜெக்டுகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

முதல் கட்டம்: மாம்பழப் பெட்டியும் ரப்பர் கையும்

1998இல் மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் என்ற இருவர் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரே பக்கத்தில் எழுதிய சோதனை இது. உட்கார்ந்தவரின் நிஜக் கையை மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷால் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில், தொடுகை ரப்பர் கையில்தான் படுகிறது என்று உட்கார்ந்தவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான் விஷயம். பிறகு வந்த விஆர் உடம்பு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு பக்கத்திலிருந்து கிளைத்ததுதான்.

மாம்பழ சீசனில் கடை வாசலில் கிடக்கும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவர் பக்கமும் எதிர்ப்பக்கமும் திறந்திருக்க வேண்டும், நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. பொய்க் கைக்கு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போதும். பஞ்சு மட்டும் திணித்தால் விரல்கள் உருண்டு, காற்றடைத்த பலூன் மாதிரி ஆகிவிடும், யாரும் நம்ப மாட்டார்கள். விரல்களுக்குள் ஜவ்வரிசி போடுங்கள், அது நம்மூரில் கிடைக்காத இடமில்லை. முக்கால் விரல் அளவுக்கு நிரப்பி, மேசையில் வைத்து லேசாக அமுக்கினால் விரல் தட்டையாகி, கணு இருக்கும் இடத்தில் தானாக ஒரு மடிப்பு விழும். உள்ளங்கைக்கு மட்டும் பஞ்சு. இந்தக் கை மேசைமேல் கனமாக, நிஜக் கை படுத்திருப்பது போலவே படுத்திருக்கும். உட்கார்ந்தவர் கையிலும் அதே நிறக் கையுறையை மாட்டிவிடுங்கள், தோல் நிறப் பிரச்சினை தீர்ந்தது.

இடது கைக்கு இடது கையுறைதான். கட்டை விரல் எந்தப் பக்கம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். நிஜக் கை தடுப்புக்கு வெளிப்பக்கம், பொய்க் கை உட்பக்கம், அதாவது உடம்பின் நடுவை ஒட்டி. இரண்டுக்கும் இடையே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 15 முதல் 20 செ.மீ. முப்பதைத் தாண்டினால் மாயம் பலவீனமாகிவிடும். தோளிலிருந்து பொய்க் கையின் மணிக்கட்டு வரை ஒரு துண்டைப் போர்த்துங்கள். கை எங்கிருந்து முளைக்கிறது என்று தெரியாமல் இருக்க இந்தத் துண்டு அவசியம்.

இனி எதிரே உட்கார்ந்து தடவுகிறவரின் வேலை. ஒரே மாதிரி இரண்டு பெயின்ட் பிரஷ், ஒரே விரல், ஒரே திசை, ஒரே நொடி. தாளம் மட்டும் சீராக இருக்கக் கூடாது: இரண்டு சின்னத் தடவல், ஒரு நீளத் தடவல், ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி என்று மாறி மாறி வர வேண்டும். சீராகத் தடவினால் ஒன்று தள்ளிப்போனாலும் தெரியாது. கணிக்க முடியாத தாளத்தில் கண்ணும் தோலும் ஒத்துப்போனால்தான் மூளை "இது தற்செயல் இல்லை" என்று முடிவுக்கு வருகிறது. இரண்டு கையும் ஒன்றாக ஓட, கோலம் போடுகிற அக்கா யாராவது இருந்தால் அவரிடம் பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். துண்டு அசைந்தால் கவனம் அங்கே போய்விடும். சேலத்து ஏப்ரலில் விசிறி இல்லாமல் ஒருவரை எவ்வளவு நேரம் உட்கார வைப்பீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம். நல்ல வேளையாக இரண்டு நிமிடம் போதும். 2004இல் ஹென்ரிக் எர்சன் குழு மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துச் செய்தபோது, மாயம் தொடங்கச் சராசரியாகச் சுமார் 11 நொடிதான் ஆனது.

செய்து முடித்ததும் உடனே ஒப்பீட்டுக்குப் போங்கள், இல்லையென்றால் இது வெறும் வேடிக்கை. முதலில் பொய்க் கையைத் தடவி, அரை நொடி கழித்து நிஜக் கையைத் தடவுங்கள். மற்ற எல்லாமே அப்படியே இருக்கும், ஆனால் பெரும்பாலோருக்கு மாயம் கரைந்துவிடும். அடுத்து, நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டு பொய்க் கையை மட்டும் திருப்பி வையுங்கள், விரல் நுனி உட்கார்ந்தவரின் வயிற்றைப் பார்க்கும்படி. இதிலும் கரையும். அப்புறம் கைக்குப் பதில் ஒரு மரக்கட்டை. இந்தக் கடைசியில்தான் சுவாரசியமான சண்டை ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரனும் கேரி ஆர்மலும் 2003இல், கையே தேவையில்லை, மேசைப் பரப்பைத் தடவினாலே போதும், மேசையின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்தால் உள்ளங்கை வியர்க்கிறது என்று காட்டினார்கள். மரக்கட்டை வைத்துச் செய்த பிறர், கை வடிவம் இல்லையென்றால் வராது என்றார்கள். நேரம் ஒத்துப்போவது முதல் தேவை, கையின் வடிவமும் அது கிடக்கும் திசையும் அதை வடிகட்டுகின்றன என்பது என் கட்சி. நீங்கள் செய்து பார்த்துவிட்டு எந்தக் கட்சி என்று முடிவு செய்யுங்கள்.

கை அலுத்துப்போனால் காலுக்குப் போகலாம். செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுக் கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கிற பாதங்களைப் பார்த்திருப்பீர்கள். பழசாகி ஓரமாகப் போட்ட ஒன்றைக் கேட்டால் தெரிந்தவர்கள் கொடுப்பார்கள். ரப்பர் பாதத்திலும் இதே மாயம் வரும் என்று ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். பொய்ப் பாதத்துக்கும் நிஜப் பாதத்துக்கும் ஒரே ஜோடிக் கொலுசைப் பிரித்து மாட்டிவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் விரலால் சுண்டுங்கள். தொடுகையோடு சத்தமும் சேர்ந்து வரும். பக்கத்து வீட்டு அம்மாயி ஒருவர் இதில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்கண்ணு, அந்தக் காலு குளுகுளுன்னு இருக்குதே, என்ன பண்ணுன?" என்றார். பிளாஸ்டிக் பாதத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

எதை எழுதி வைப்பது

உட்காருவதற்கு முன் "இப்போது இது உங்கள் கை மாதிரி தோன்றும் பாருங்கள்" என்று சொன்னீர்களானால் வேலை கெட்டது. சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். 2020இல் பீட்டர் லஷ் குழு வெளியிட்ட ஆய்வும் இந்தச் சந்தேகத்தைத்தான் கிளப்பியது: பிறர் தூண்டிவிடும் எண்ணத்துக்கு எளிதில் வசப்படுகிறவர்களுக்கு ரப்பர் கை மாயமும் அதிகமாக வந்திருந்தது. ஆகவே என்ன தோன்றும் என்று ஒன்றும் சொல்லாமல் உட்கார வையுங்கள். கேள்வித்தாளில் "என் கை ரப்பராக மாறுவது போல இருந்தது", "எனக்கு மூன்று கை இருப்பது போல இருந்தது" என்று சம்பந்தமில்லாத சிலவற்றையும் கலந்து கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக "ஆமாம்" போடுகிறவர் உங்களைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறார் என்று அர்த்தம். மதிப்பெண் -3 முதல் +3 வரை.

இன்னொரு அளவு, இடம் நகர்தல். கண்ணை மூடச் சொல்லி, மறைந்திருக்கும் கையின் ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று மற்றக் கையால் மேசைக்கு அடியில் காட்டச் சொல்லுங்கள். தடவுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். காட்டுகிற இடம் ஓரிரு சென்டிமீட்டராவது பொய்க் கையை நோக்கி நகர்ந்திருக்கும். ஆனால் இடம் நகர்ந்துவிட்டது என்பதற்காக "என் கை" என்ற உணர்வும் வந்துவிட்டது என்று கணக்குப் போட முடியாது, இரண்டும் தனித்தனியாகப் போகும் என்று பின்னால் காட்டிவிட்டார்கள்.

நிஜக் கை சில்லிட்டுப் போகும், வெப்பமானி வைத்து அளக்கலாம் என்று சில இடங்களில் படிப்பீர்கள். 2008இல் அப்படி ஒரு முடிவு வெளியானது உண்மைதான். பிறகு திரும்பச் செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதற்கு மெனக்கெட வேண்டாம், அதிலும் டிசம்பரில் ஏற்காட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் நிச்சயம் வேண்டாம். சுத்தியலால் பொய்க் கையை ஓங்கி அடித்துப் பயமுறுத்துவது யூடியூப்பில் பிரபலம். நான் அதைச் சேர்ப்பதில்லை. யார் கையை எங்கே இழுப்பார்கள் என்று தெரியாது, தடுப்பு சரிந்து நிஜக் கையில் பட்டுவிடும்.

இரண்டாம் கட்டம்: குச்சி கட்டிய விரல்

இதுவரை கை சும்மா கிடந்தது. "அசைப்பது நானா?" என்ற கேள்வி இப்போதுதான் வருகிறது, எனக்குப் பிடித்த சோதனையும் இதுதான். 2012இல் ஆண்ட்ரியாஸ் கால்கர்ட்டும் எர்சனும் ஒரு மரக் கையின் ஆள்காட்டி விரலை, கீழே மறைந்திருக்கும் நிஜ விரலோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டார்கள். விரலைத் தூக்கினால் மேலே மர விரலும் தூக்கும்.

வீட்டில் செய்ய, பெட்டியைப் படுக்க வைத்து இரண்டடுக்கு ஆக்குங்கள். கீழடுக்கில் நிஜக் கை, நேர் மேலே ஒரு கை உயரத்தில் பொய்க் கை. மேல் அட்டையில் ஒரு துளை போட்டு, மூங்கில் குச்சி ஒன்றை அதன் வழியே விடுங்கள். குச்சியின் கீழ் நுனி நிஜ விரலில் மாட்டிய மோதிர வளையத்தில், மேல் நுனி பொய் விரலில். இந்த விரலில் மட்டும் ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டு, லேசான ஸ்பாஞ்ச் வையுங்கள், கனமாக இருந்தால் தூக்காது. துளை குச்சியைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். உரசினால் குச்சி தயங்கித் தயங்கி வரும், அந்தத் தயக்கம் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது மூன்று விதமாகச் செய்யுங்கள். அவரே விரலை அசைக்கட்டும்: "என் கை", "நான்தான் அசைக்கிறேன்" இரண்டும் வரும். அடுத்து, அவர் விரலைத் தளர்வாக விட்டுவிட, நீங்கள் குச்சியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இரண்டு விரலும் ஒன்றாகத்தான் அசைகின்றன, ஆகவே "என் கை" நிற்கும், "நான்தான்" போய்விடும். மூன்றாவது, பொய்க் கையை மட்டும் 180 பாகை திருப்பி வைத்துவிட்டு அவரையே அசைக்கச் சொல்லுங்கள். "நான்தான் அசைக்கிறேன்" அப்படியே இருக்கும், "என் கை" கழன்றுவிடும். இரண்டு உணர்வையும் ஒன்றில்லாமல் ஒன்று வரவழைக்கலாம் என்பதை ஒரு அட்டைப்பெட்டியில் காட்டிவிட்டீர்கள். ஹெட்செட் வாங்கக் காசில்லை என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டாலும் நல்ல பிராஜெக்ட்தான்.

"நான்தான்" எங்கிருந்து வருகிறது? கையை அசைக்கக் கட்டளை போகும்போதே, அடுத்து என்ன தெரியும், என்ன படும் என்று மூளை முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. கணக்கும் வருவதும் பொருந்தினால் செய்தது நான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் பின்சீட்டுக்காரர் கவரைத் தேடுகிறார், ஸ்டியரிங் பிடித்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அடுத்த வளைவில் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கு முன்பே தெரியும். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் இதுதான் காரணம். 1999இல் சாரா ஜெய்ன் பிளேக்மோர் குழு நடுவில் ரோபோவை வைத்து, நாம் அசைப்பதற்கும் அது நம் உள்ளங்கையைத் தடவுவதற்கும் இடையே 100, 200, 300 மில்லி நொடி என்று தாமதம் சேர்த்தது. தாமதம் கூடக் கூடக் கிச்சுகிச்சும் கூடியது.

மூன்றாம் கட்டம்: ஹெட்செட்

போனைச் செருகுகிற அட்டை வகை ஹெட்செட்டை இதற்கு வாங்காதீர்கள். அது தலை திரும்புவதை மட்டும்தான் பார்க்கும், கையைப் பார்க்காது. கையை கேமராவால் பின்தொடர்கிற வகைதான் வேண்டும், குவெஸ்ட் போல. சொந்தமாக இல்லையென்றால் காலேஜ் லேபில் கேளுங்கள், அல்லது கேமிங் கடைகளில் மணிக்கணக்கில் கொடுப்பார்கள்.

யூனிட்டி (விஆர் காட்சிகளை உருவாக்கும் மென்பொருள்) தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் ஒரு மாலையில் அடிப்படை தயாராகிவிடும். ஒரு அறை, ஒரு மேசை, நாற்காலியில் உட்கார்ந்த ஓர் உடம்பு. கண் இருக்கும் இடம், அந்த உடம்பின் கண் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும் கேம் கேமரா இங்கே உதவாது. குனிந்தால் நெஞ்சு, மடி, முழங்கால் தெரிய வேண்டும். எதிரே ஒரு கண்ணாடி வைத்தால் இன்னும் நல்லது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே, தடவலே இல்லாமல் பலருக்குப் பாதி மாயம் வந்துவிடும். நிஜ நாற்காலியும் மேசையும் அதே உயரத்தில் இருக்கட்டும், முழங்கை எங்கே படுகிறது என்று சாக்பீசால் குறித்துக்கொள்ளுங்கள்.

தடவல் வேண்டுமானால், கன்ட்ரோலரை, அதாவது ஹெட்செட்டோடு வரும் கைப்பிடியை, நீங்கள் பிடித்துக்கொண்டு அதன் நுனியில் ஒரு சின்னப் பந்தை விஆரில் வரையுங்கள். உட்கார்ந்தவர் கையை அசைக்காமல் குறித்த இடத்தில் வைத்திருக்க, நீங்கள் கன்ட்ரோலரால் தொடும்போது பந்து விஆர் கையைத் தொடுவதை அவர் பார்ப்பார். 2008இல் மெல் ஸ்லேட்டர் குழு காட்டிய மெய்நிகர் கையின் எளிய வடிவம் இது. விலகல் அரை அங்குலத்துக்கு மேல் போனால் திரும்ப அளவெடுங்கள்.

இப்போது அட்டைப்பெட்டியில் செய்ய முடியாத வித்தை: தாமதத்தை எண்ணில் திருகுவது. கையின் நிலையை நேராகத் திரைக்கு அனுப்பாமல் ஒரு வரிசையில் சேர்த்துவைத்து, சில பிரேம் (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள்) கழித்து எடுத்துக் காட்டுங்கள். நொடிக்கு 72 பிரேம் ஓடும் ஹெட்செட்டில் 22 பிரேம் பிடித்துவைத்தால் சுமார் 300 மில்லி நொடித் தாமதம். ஹெட்செட்டுக்கென்று இருக்கும் சொந்தத் தாமதம் இதற்கு மேல் சேரும் என்பதால், கூட்டிய அளவை மட்டும் எழுதுங்கள். 0, 7, 14, 22, 36 பிரேம் என்று ஐந்து அளவு, சீட்டு குலுக்கிப் போட்ட வரிசையில். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கையை விரித்து மூடி, திருப்பி, பழம் எடுத்து வைத்து விளையாடச் சொல்லுங்கள், பிறகு அந்த இரண்டு கேள்விகள். ரப்பர் கைச் சோதனையில் தொடுகைக்கும் காட்சிக்கும் இடையே 300 மில்லி நொடிக்குள் இருந்தால் மாயம் வலுவாக இருக்கிறது என்று சோட்டாரோ ஷிமாடா குழு 2009இல் சொல்லியிருக்கிறது. உங்கள் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

அடுத்து, தாமதத்தைப் பூஜ்யத்தில் வைத்துக் கையை மாற்றுங்கள். ரோபோ கை, குழந்தைக் கை, வெறும் பெட்டி. "நான்தான்" அசையாமல் நிற்கும், "என் கை" ஏறி இறங்கும். எல்லை எங்கே என்று பார்ப்பதுதான் வேடிக்கை: 2012இல் கான்ஸ்டன்டினா கில்டெனி குழு, நிஜக் கையைப் போல மூன்று மடங்கு நீண்ட கையைக்கூடப் பலர் தம் கையாக ஏற்றுக்கொண்டதைக் காட்டியது. உடம்பின் அளவையும் மாற்றலாம். ஸ்டாக்ஹோமில் 2011இல் 30 செ.மீ. பொம்மை உடம்புக்குள் "போனவர்களுக்கு" சுற்றியிருந்த பொருள்கள் பெரிதாகத் தெரிந்தன, நான்கு மீட்டர் உடம்புக்குள் போனவர்களுக்குச் சிறிதாக. ஸ்லேட்டர் குழு 2013இல் ஒரு படி மேலே போனது: நாலு வயதுக் குழந்தை உடம்பும், அதே உயரத்துக்குச் சுருக்கிய பெரியவர் உடம்பும். உயரம் ஒன்றுதான், ஆனால் குழந்தை உடம்பில் இருந்தவர்கள்தான் பொருள்களை இன்னும் பெரிதாக மதிப்பிட்டார்கள். இதைச் செய்ய விஆர் மேசையில் ஒரு மாம்பழத்தை வைத்து, "எவ்வளவு அகலம், கையை விரித்துக் காட்டுங்க" என்று கேட்டால் போதும். மல்கோவாவா செந்தூராவா என்று வாய்விட்டுக் கேட்காதீர்கள், பேர் சொன்னதுமே சேலத்துக்காரர்களுக்கு அளவு மனதில் வந்துவிடும்.

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. வலிப்பு இருப்பவர்களை ஹெட்செட்டில் உட்கார வைக்க வேண்டாம். விபத்தில் கையையோ காலையோ இழந்தவர்களிடம் ஆர்வக்கோளாறில் இதைச் செய்யாதீர்கள், அது மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. யாரையும் தொடும் முன் எங்கே, எதனால் தொடுவேன் என்று சொல்லி அனுமதி கேளுங்கள், பெண்களுக்குப் பெண்களே தடவட்டும். தாமதம் கூட்டிய சுற்றுகளில் சிலருக்குத் தலை சுற்றும், உடனே நிறுத்துங்கள், அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெயில் காலத்தில் லென்ஸ் மூடுபனி பிடித்துவிடும், ஒவ்வொருவருக்கும் இடையே துடைத்து, முகம் படும் ஸ்பாஞ்சுக்கு உறை மாற்றுங்கள்.

ஒன்றுமே தோன்றவில்லை என்பவர்கள் கட்டாயம் வருவார்கள். அவர்களிடம் "நல்லா பாருங்க, நல்லா பாருங்க" என்று மல்லுக்கட்ட வேண்டாம். கையுறை இறுக்கமா, துண்டு நழுவியதா, பிரஷ் தள்ளிப்போனதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் -3 என்றே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.